குணமணியின் கறுத்த கத்தி

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குணமணியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் இன்னும் அங்கே சாப்பிடவில்லை என்று அர்த்தம். வேலை நாட்களில் அவள் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுத பூசை வந்துவிட்டால் இருநூறு பேருக்கு அவள்தான் சமையல். பன்னிரண்டு வருடமாக அந்தக் கரண்டியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளிடம் ஒரு கத்தி இருக்கிறது. பதுளையில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஜெஸீம் நானா லொறி வில்லுத் தகட்டில் அடித்துக் கொடுத்தது. கடைக் கத்திகள் பத்து வாழைக்காயிலேயே மழுங்கிப் போகும். இது இருநூறு பேருக்கும் சளைக்காது. ஒரே குறை, மழை இருட்டினாலே துருப்பிடிக்கும். போன வருடம் பூசைச் சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல் கறுத்துப்போய் இரும்பு வாடை அடித்தது. "அக்கா, இதுல ஆணி ஏதும் போட்டீங்களா?" என்று கொழுந்து பறிக்கிற துஷாந்தி இலைமுன் இருந்தபடி கேட்க, பந்தியே சிரித்தது. இந்த வருடமும் அப்படியென்றால் சமையலைப் பதுளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதாகப் பூசைக் கமிட்டி சொல்லிவிட்டது.

குணமணி நேரே ஜெஸீம் நானாவிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"இரும்பு மேல ஒரு கறுப்பு ஏறணும் தங்கச்சி. அது ஏறினா துரு கிட்ட வராது. தேச்சுத் தேச்சு வெளுக்க வைக்காதீங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து கத்திக்கு உபசாரம் தொடங்கியது. பிசுக்குப் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். கடுஞ்சாயத் தேநீரில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், பிழிந்து, சூட்டோடு அதில் ஊறப்போடுவாள். வாழைப்பூக் கறை இரும்பில் நன்றாகப் பிடிக்கும் என்று வாரத்தில் நாலு நாள் வாழைப்பூ நறுக்கினாள். நறுக்கிய கையோடு கழுவி, ஈரம் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரு மாதத்தில் அலகு மயில்கழுத்து நீலம் காட்டி, பிறகு நல்ல கறுப்பில் வந்து நின்றது. அடைமழையிலும் ஒரு புள்ளி துரு இல்லை. குணமணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாழைப்பூ தின்று நாக்குச் செத்துப்போனது அவள் புருஷன் சண்முகராஜாவுக்குத்தான். அது கத்திக்காக என்று அவருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் மெஷின் துடைக்கிறவர்; பளபளக்காத பொருளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். பூசைக்கு முதல் நாள் ரோலர், தராசு என்று எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அரிப்பு அடங்கவில்லை. மனைவியின் கத்தி கன்னங்கரேலென்று கிடந்தது. பூசை நாளில் அவள் ஆயுதம் மட்டும் இப்படியா கிடக்க வேண்டும் என்று மனம் இரங்கி, புளியும் மணலும் போட்டு ஒரு பிடி பிடித்தார். கண்ணாடி தோற்றது. தொழிற்சாலைப் பூசைப் பலகையில் கொண்டுபோய் வைத்து, அரை அரையாக வெட்டிக் குங்குமம் தடவிய தேசிக்காய்களை அலகு நெடுகக் கவிழ்த்தார்.

காலையில் தொழிற்சாலைக்குச் சமைக்க வந்த குணமணி அதைப் பார்த்தாள்.

"அட மனுசா! ஒரு மாசத்துப் பாட்டை ஒரே தேய்ப்புல அழிச்சிட்டீங்களே!"

"அழுக்குன்னு நெனச்சேன் புள்ள."

"அழுக்கா? அது என் மானம்ங்க!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூசை முடியாமல் பலகையிலிருந்து ஆயுதத்தை எடுக்கவும் கூடாது.

தீபாராதனை முடிந்ததுதான் தாமதம், பாய்ந்து எடுத்தாள். தேசிக்காய் இருந்த இடங்களில் வட்ட வட்டமாகக் கறுத்திருந்தது. பாதி வேலையை மனுசன் தெரியாமலே செய்திருந்தார்! மீதிக்கு நேரம் இருந்தது. ஆட்களுக்குப் போட்டிருந்த கொதிக்கும் சாயத்தை ஒரு டின்னில் ஊற்றி, மிஞ்சியிருந்த தேசிக்காயை எல்லாம் பிழிந்து, கத்தியைக் கழுவி அதில் இறக்கி, பிடியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகச் சண்முகராஜா முக்கால் மணி நேரம் டின்னருகே நின்றார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், யாழ்ப்பாணத்துக்காரரான கனகசுந்தரம் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன சண்முகராஜா, புது ரகத் தேத்தண்ணியோ?"

"இல்லைங்கய்யா, கத்தி குளிக்குது."

"அப்பிடியோ! சீனி போட்டாச்சோ?"

கத்தி வெளியே வந்தபோது பழைய அழகு இல்லை. திட்டுத் திட்டாக, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. ஆனால் கறுப்பு. குணமணி முதல் வாழைக்காயைச் சீவி மூக்கருகே பிடித்தாள். இரும்பு வாடை இல்லை. அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை.

பந்தியில் பொரியல் பொன்னிறமாக விழுந்தது. துஷாந்தி மூன்றாம் முறை கையை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஆணி வைக்கட்டுமா?" என்றாள் குணமணி.

கமிட்டி பதுளைக் கடைக்காரரைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சண்முகராஜா பக்கத்தில் வந்து குந்தினார்.

"அடுத்த வருசம் தேய்க்க மாட்டேன் புள்ள."

"தாராளமா தேய்ங்க. மறுபடி கறுக்கிற வரைக்கும் மூணு வேளையும் வாழைப்பூதான்."

சண்முகராஜா கத்தியை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் ஒற்றி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி உயரத்தில் வைத்தார்.