மேல்மலையில் பெய்த மழை

குடவாசல் பக்கத்து விவசாயி நான். எங்களுக்கு மேடு என்றால் வரப்புதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர நாள் கணக்காகும்.

கொடைக்கானல் போகும் வழியில் தம்பியும் நானும் ஓர் ஓடையில் குளித்தோம். மலையில் கீழே மிளகு, அதற்கு மேலே காப்பி, அதற்கும் மேலே புல்வெளி. உச்சியை மேகம் மூடியிருந்தது; எங்களுக்கு நல்ல வெயில்.

“மேல மழைங்க, ஏறிடுங்க!” என்று டீக்கடை அம்மா கத்தினார்.

தம்பி ஒரு காலைக் கரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அந்தத் தண்ணி இங்க வர நாளைக்கு ஆயிடும். நீ குளிடா” என்றேன்.

சோப்பு எடுக்க நான் கரையேறித் திரும்புவதற்குள் ஓடை செம்மண் நிறத்தில் இரைந்து வந்தது. மறுநாள் அடிவாரத்தில்தான் தம்பியின் உடல் கிடைத்தது.

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் ஊரே பார்க்கப் போகும். நான் போவதில்லை. கரையில் வைத்த காலை அவன் திரும்ப எடுத்தது என் பேச்சைக் கேட்டுத்தான்.