கம்பியில் வைத்த கை

காரின் பானட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. ‘நில்’ என்று அர்த்தம். மூன்று தட்டினால் ‘இன்னும் கொஞ்சம் முன்னால் வா’. போர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் சுடலைமுத்து வாயைத் திறப்பது அபூர்வம்; எல்லாம் கைதான். புது வண்டிக்காரர்கள் முகம் சுளித்தால், “பெயின்ட் போகாது சாரே, வெறும் கைதானே” என்பார்.

அந்தக் கைதான் ஒரு காலத்தில் ‘ஏழாம் ஜெட்டி’ ராக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தது. கேரளத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பைத்தியமாய்த் திரிந்த குழு அது. மட்டாஞ்சேரிக்காரரான சுடலைமுத்துவுக்கு வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அப்பா போனதும் வீட்டுக்கு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. ஜங்காரில் வேலை கிடைத்தது, குழுவை விட்டு விலகினார். சண்டையுமில்லை, சாபமுமில்லை. கடைசி நாள் எல்லாருமாகப் பொரோட்டா தின்றுவிட்டுப் பிரிந்தார்கள்.

பொரோட்டாவை வைத்துப் படம் ஓட்ட முடியுமா? குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அனூப், ஜங்காரில் கூடவே சுற்றினான். எல்லாக் கதையையும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். படத்திலோ, சுடலைமுத்து கடலைப் பார்க்கிறார், வயலின் அழுகிறது, ஜங்காரின் ஓரக் கம்பியைப் பிடித்த கை திரை முழுக்க நடுங்குகிறது. “குடி இந்தத் தாளத்தை விழுங்கிவிட்டது” என்கிறது பின்னணிக் குரல். பீடியைக்கூடத் தொடாத மனுஷன்!

“வெளங்குவானுவளா? எம் புருஷனக் குடிகாரனாக்கிட்டானுவளே!” என்று மனைவி பேச்சியம்மாள் அழுது தீர்த்தாள்.

“போட்டெடி, விடு. கதைன்னா ஒருத்தன் விழணும். நான் கெடச்சேன்.”

அப்படிச் சிரித்தவருக்குச் சிரிப்பு அற்றுப்போனது, மகள் பொன்மணியின் சம்பந்தம் ஆட்டங்கண்டபோது. மாப்பிள்ளையின் தகப்பனார் அழகர், எறணாகுளம் மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர். படத்தைப் போனில் பார்த்துவிட்டு, நிச்சயதார்த்தம் இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். சாயா கொடுக்கும்போது பொன்மணி அப்பாவின் கையையே பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அனூப்பைப் போனில் பிடித்தார். “அது சிம்பாலிக் ஆணு சேட்டா, வெறும் குறியீடு” என்றான். உருப்பட்டாற்போலத்தான்! குடிக்கவில்லை என்று இனி ஊரெல்லாம் சொன்னால் மட்டும்? குடிக்கிறவனும் அதைத்தானே சொல்கிறான். கடைசியில் அழகரையே கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ எங்கூட ஜங்கார்ல வாங்க. பெறவு ஒங்க இஷ்டம்.”

அழகர் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. சுடலைமுத்து வண்டிகளைத் தட்டித் தட்டி ஏற்றுவதை ஓரமாக நின்று பார்த்தார். ஜங்கார் நடுத்தண்ணீருக்கு வந்ததும் பக்கத்தில் வந்து நேராகவே கேட்டார்.

“எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா படத்துல அந்தக் கை ஏன் அப்படி ஆடுது?”

காலுக்குக் கீழே எஞ்சின் உறுமலில் தளமே அதிர்ந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து, படத்தில் தான் பிடித்து நின்ற அதே கம்பியில் கையை வைத்தார். பிறகு அழகரின் வலக்கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அழகரின் மோதிரம் கம்பியில் கடகடவென்று அடித்தது.