மாயா வராத புடவைக் கடை

புடவைக் கடையில் நிற்பவனுக்குச் சாயங்காலம் தோள்பட்டை வலிக்கவில்லை என்றால், அன்றைக்கு வியாபாரம் நடக்கவில்லை என்று பொருள். "வேற டிசைன் காட்டுங்க" என்று கேட்டுக் கேட்டே ஆயுளில் பாதியைக் கழித்த சக ஊழியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தி.நகரில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் மெத்தை மேல் மண்டி போட்டுப் பல வருடம் விற்றவன் நான். பிறகு யோகம் அடித்து, முகப்பேரில் புதிதாகத் திறந்த ஒரு 'ஃபேஷன் ஹவுஸ்' கிளைக்கு மேலாளராக வந்தேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் மேடம் இதையெல்லாம் படிப்பவர்.

மேடம்தான் முதலாளி. நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அவருடைய பெரிய கடையில் ஒரு காலத்தில் நடிகைகளும் மில் முதலாளிகளின் மனைவிமார்களும்தான் புடவை எடுத்தார்கள். நடிகைகளுக்கு வயதாகிவிட்டது. மில் முதலாளிகளின் மகள்கள் வெளிநாட்டில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். "கடைக்குப் புது முகம் வேண்டும், புது வாடிக்கையாளர் வேண்டும்" என்று மேடம் ஊரின் மேற்குப் பக்கம் திரும்பினார். ஆவணியில் கிளையைத் திறந்தவர், அந்தப் புது வாடிக்கையாளர் யார் என்று தைக்குள் தெரியாவிட்டால் இழுத்து மூடிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். மூடினால் நானும், என்னோடு விற்பனையில் நின்ற மல்லிகாவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடையை நம்பி நான் குடும்பத்தையே முகப்பேருக்கு மாற்றி, மகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

யார் இந்தப் பெண்?

புது வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துத் தர மேடம் ஆதித்யா என்ற ஆலோசகரை அமர்த்தியிருந்தார். பெங்களூரில் வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளை, நல்ல மாதிரி. வந்த அன்றே எங்களை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். "இவள் பெயர் மாயா. நாமாக வைத்த பெயர். இனிமேல் இவள்தான் நம் வாடிக்கையாளர்" என்றார். மாயாவுக்கு முப்பது வயதுக்கு மேல். தனியாக வசிக்கிறாள். சர்க்கரை இல்லாத காபி குடிக்கிறாள். கடைக்குத் தனியாக வருவாள், யாரையும் கேட்க மாட்டாள், பத்தே நிமிடத்தில் முடிவு செய்துவிடுவாள். எனக்கு மெய் சிலிர்த்தது. பத்து நிமிடத்தில் புடவை எடுக்கும் பெண்ணை என் சர்வீஸில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

மாயாவுக்காகக் கடையே மாறியது. மெத்தை கிடையாது, நாற்காலி கிடையாது, விலைச் சீட்டு கிடையாது. பளபளவென்று வெள்ளைத் தரை, ஓரத்தில் தலையில்லாத பொம்மைகள், ஒரு கம்பியில் ஏழெட்டுப் புடவைகள், அவ்வளவுதான். நாங்கள் புடவையைத் தோளில் போட்டுக் காட்டக் கூடாது. "வாங்க வாங்க" என்று கூப்பிடக் கூடாது. மல்லிகா அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை நாக்கில் நிறுத்தி வைக்கத் தெரியாதவள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் கையைத் தூக்கினாள்.

"தனியா வந்து பொடவ எடுக்குதா சார்? ஐய, பாவம். ஊட்ல யாரும் பேசறதில்ல போலக் கீது."

வெறும் வயிறு

முதல் வாரம் மாயா வரவில்லை. மாயா அல்லாதவர்களும் வரவில்லை. கறுப்புக் கண்ணாடிக் கதவு, வாசலில் கோட் போட்ட காவலாளி, பலகையில் யாராலும் படிக்க முடியாத மெல்லிசான எழுத்து. ரோட்டில் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரியாதையாக நாலடி தள்ளி நடந்தார்கள்.

ஒருநாள் காலையில் பெரியவர் ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் பெரிய காகித உறையோடு உள்ளே வந்தார். வெள்ளைத் தரையைப் பார்த்தார். பேசாமல் நிற்கும் எங்களைப் பார்த்தார். ஒரு மூலையில் பயபக்தியோடு நின்றுகொண்டார். முதல் வாடிக்கையாளர் என்ற பூரிப்பில் ஆதித்யாவே கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"வேணாம் நைனா. பச்சத் தண்ணி கூட குடிக்காம வெறும் வயித்தோட வந்துகீறேன். ஸ்கேனுக்கு எப்ப கூப்புடுவீங்க?"

தலையில்லாத பொம்மை

அடுத்து வந்தது நிஜமான கல்யாண கோஷ்டி. அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். குவார்ட்டர்ஸிலிருந்து மனைவி, மணப்பெண், பெரியம்மா, இரண்டு சித்தி, கைக்குழந்தை என்று அள்ளிக்கொண்டு வந்திருந்தார். உட்கார இடம் தேடினார்கள். கிடைக்கவில்லை. யாரும் கவலைப்படவில்லை. ஆதித்யாவின் வெள்ளைத் தரையில் சம்மணம் போட்டு வட்டமாக உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து காபியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சர்க்கரை போட்ட காபி.

பொம்மை மேல் இருந்த அரக்கு நிறப் புடவை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெண்ணின் அம்மா முகத்தைச் சுளித்தார். "முகூர்த்தப் புடவைங்க. தலையில்லாத உருவத்துல பார்த்துட்டு எப்படிங்க எடுக்கறது? மனசு ஒப்பலையே." நியாயம்தானே! ஆதித்யா அந்தப் பக்கம் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் சட்டென்று புடவையை உருவி, கொசுவம் வைத்து, முந்தியைத் தோளில் போட்டு, அரைச் சுற்று சுற்றிக் காட்டினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! தோளுக்கு அப்படி ஒரு சுகம். அப்பாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தச் சார் மூஞ்சிக்கே இவ்வளவு களையா இருக்குதுன்னா, நம்ம பொண்ணுக்குச் சொல்லணுமா? பில்லு போடச் சொல்லு."

உலகத்திலேயே ஒன்று

எங்கள் மேடத்தின் பெருமையே ஒரு புடவையைப் போல இன்னொன்று நெய்யாததுதான். நீங்கள் கட்டியிருப்பதை உலகத்தில் வேறு யாரும் கட்டியிருக்க முடியாது. நுங்கம்பாக்கத்தில் இதற்காகவே வருவார்கள். நானும் இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அயனம்பாக்கம் கஸ்தூரியம்மாவிடம் அதை ஒப்பித்ததுதான் நான் செய்த தவறு.

கஸ்தூரியம்மாவின் மாமனார் காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். இப்போது கணவரும் கொழுந்தன்மார்களும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துகிறார்கள். தையில் நாத்தனாருக்குக் கல்யாணம். ஓர்ப்படிகள் புடைசூழ வந்தவர், மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இதே மாதிரி இருபது எடு அண்ணாத்தே" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உலகத்திலேயே இது ஒண்ணுதாம்மா. வேற யார்கிட்டயும் இருக்காது" என்றேன். எங்கள் கடைக்கு ஏதோ தீராத வியாதி வந்ததைக் கேட்டதுபோல் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணா? அப்ப மிச்சம் பேரு இன்னாத்த கட்டுவாங்க? வா புள்ள, நாம வேற கட பாக்கலாம்."

எது உசத்தி

அந்த வாரமே மேடம் வந்தார். எப்போதும்போல யாரிடமும் இல்லாத ஒரு சந்தன நிறப் புடவை. கம்பியில் தொங்கிய புடவைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தை நெருங்குகிறது பாஸ்கர்" என்றார். நான் கம்பியில் தொங்கியவற்றை நேராக்க ஆரம்பித்தேன். மல்லிகாவுக்கு நாக்கு நிற்குமா! கஸ்தூரியம்மா வந்ததையும் இருபது கேட்டதையும் போனதையும் கொட்டித் தீர்த்தாள். மேடம் கோபப்படவில்லை. "அந்த அம்மாவை நான் பார்க்க முடியுமா?" என்றார். மல்லிகாவின் அத்தை வீட்டுக்கு எதிர்வீடுதான் கஸ்தூரியம்மா வீடு. ஆட்டோவில் போய் அழைத்து வந்துவிட்டாள்.

ஆதித்யாதான் முதலில் பேசினார். எல்லோரும் ஒரே புடவையைக் கட்டினால் அதில் உசத்தி என்ன இருக்கிறது என்று தன்மையாகத்தான் கேட்டார். கஸ்தூரியம்மா அவரிடம் பதில் சொல்லவில்லை. மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க கடசி கொயுந்தன் பட்டறையில கால ஒடச்சிக்கினு ஊட்டோட கீறாரு மேடம். கட்ட நல்ல பொடவ இல்லன்னு அவுரு பொஞ்சாதி கல்யாணத்துக்கே வரலன்னுது. அல்லாரும் ஒண்ணா கட்டிக்கினு நின்னா, யார் ஊட்ல இன்னா கஷ்டம்னு போட்டோவ பாத்து எவனாலயும் சொல்ல முடியாது. எங்களுக்கு அதான் உசத்தி."

நண்பன் கல்யாணம்

மேடம் அன்றைக்கே காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டார். ஜரிகையைக் கொஞ்சம் குறைத்து, கஸ்தூரியம்மா கைக்கு எட்டும்படி, நாலைந்து தறியில் ஒரே சமயத்தில் மயில்கழுத்து ஏறியது. சேதி பரவ நாளாகவில்லை. காதுகுத்துக்கு மூன்று தலைமுறைப் பெண்களுக்கும் ஒரே நிறம் கேட்டு வந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஐ.டி. பெண்கள் பொங்கல் விழாவுக்கு மொத்தமாக வந்தார்கள். வெள்ளைத் தரை மேல் மெத்தை வந்தது. பொம்மைகளுக்கு மல்லிகா தலை வாங்கி மாட்டினாள். ஒரு பொம்மைக்குப் பொட்டும் வைத்துவிட்டாள்.

ஆதித்யாதான் வாடிப்போய் இருந்தார். அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் மதியம் யாரும் இல்லாத நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, இருமினார்.

"சார், என் காலேஜ் ஃபிரெண்டுக்குக் கல்யாணம். எங்க கேங் எல்லாருக்கும் ஒரே கலர்ல குர்தா வேணும். நம்ம கடையில தைச்சுத் தருவோமா?"

கடைசி இலை

புடவைகள் வந்து இறங்கியபோது ஒன்று கூடுதலாக இருந்தது. தறிக்காரர் தப்பாக நெய்துவிட்டார் என்று நினைத்துப் போனை எடுத்தேன். வாங்கிப்போக வந்திருந்த கஸ்தூரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நாந்தான் சொல்லிவெச்சேன்" என்றார். அந்தப் புடவையை எடுத்து, முனையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பூவோடு தட்டில் வைத்து, அன்றைக்குக் கடைக்கு வந்திருந்த மேடத்திடம் நீட்டினார். கல்யாணத்துக்கு இதைக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். வாழ்நாள் முழுக்க யாரிடமும் இல்லாத புடவையாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர் எங்கள் மேடம். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தையில் கல்யாணம். மேடையில் போட்டோவுக்கு நின்ற மயில்கழுத்துக் கூட்டத்தில் மேடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முன் வரிசையில் சிரித்துக்கொண்டு நின்ற பெண்தான் அந்தக் கடைசி ஓர்ப்படி என்று மல்லிகா காட்டினாள். அவள் பக்கத்தில் நின்றவர்தான் மேடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பிறகு மேடம் மேடையிலிருந்து இறங்கி, பந்தி ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். முந்தியை இடுப்பில் செருகினார். ஓடிப்போய்த் தண்ணீர் ஜக்கைத் தூக்கினார். நுங்கம்பாக்கத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது. பெரியவர் போட்ட அதட்டல் இதுதான்:

"யம்மா மருமவளே, இன்னா அங்க வேடிக்க பாத்துகினு கீற? கடசி எலைக்கு தண்ணி வெக்கல பாரு!"

கிளையை மூடும் பேச்சு அந்தப் பந்தியோடு முடிந்துவிட்டது, மாயாதான் இன்றுவரை வரவில்லை, வந்தால் "மத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று கேட்பதற்கு மல்லிகா தயாராக இருக்கிறாள்.