வாசல்வரை வந்த மெட்டு

சந்திரகலாவுக்குப் பாட வராது. யாரும் கேட்பதற்கு முன்பே அதை அவளே சொல்லிவிடுவாள். "பாட்டெல்லாம் அவரு பாடு. நான் ரவிக்கை தைக்கிறவ" என்று சிரிப்பாள். மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டின் முன்னறையில் ஒரு சுவரோரம் அவளுடைய தையல் மெஷின்; எதிர்ச் சுவரோரம் கணவன் இராமலிங்கத்தின் ஆர்மோனியம். அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினான். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தால் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் போவான். அங்கே கேசட் கடை வைத்திருந்த ஜெயராஜ் ஓர் இசைக்குழு நடத்தி வந்தார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, எஸ்டேட் கலைநிகழ்ச்சி என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே இராமலிங்கம் கட்டிய பாட்டு ஒன்று ஒலிக்கும். அப்போது கூட்டத்தில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போவார்கள். அவன் அதற்கெல்லாம் மனம் தளர்கிறவன் இல்லை.

1979-இல் அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பிறந்த அன்றே போய்விட்டது. இராமலிங்கம் அப்போது துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தான். தகவல் எட்டி அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் அவன் அண்ணன் நாகையா குழந்தையைத் துணியில் சுற்றி அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டார். "அவன் பாக்காததும் நல்லதுக்குத்தான்" என்றார்கள் உறவுக்காரர்கள். அவளிடம், "புருஷன் முன்னால அழுதுகிட்டு நிக்காத, ஆம்பள உடைஞ்சி போயிடுவான்" என்றார்கள். அவனிடம், "அவகிட்ட அதப் பத்தி எதுவும் கேக்காத, புண்ணக் கிளறாத" என்றார்கள். இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். அதோடு அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.

ஆனால் அந்த வார்டை சந்திரகலாவால் மறக்க முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளை பெற்றவர்கள். இந்தப் பக்கம் பறிகொடுத்தவர்கள். பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனக்கும். அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டால் இவளுக்கு ரவிக்கை நனைந்துவிடும். அங்கே பணிப்பெண்ணாக ஓர் அக்கா இருந்தார். தடித்த உடம்பு, கனத்த நடை. படுக்கை விரிப்பை மாற்றும்போதும் தரையைத் துடைக்கும்போதும் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே இருப்பார். வார்த்தை கிடையாது. மெல்ல இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, திரும்பவும் தொடக்கத்துக்கே போகிற ஒரு மெட்டு. கண்ணை மூடிக்கொண்டு அந்த முனகலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாட்களைக் கடந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. மெஷினை மிதிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் தானாக வரும். அடுத்து மகன் பிறந்தான். பால், மருந்து, துணி என்று வீடு நிறைந்தது. மெல்ல மெல்ல அந்த முனகல் நின்று போனதை அவளே கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தை போய் ஐந்து வருஷம் கழித்து ஒரு மாலையில் இராமலிங்கம் ஆர்மோனியத்தில் புதிதாக ஒன்றை வாசித்துக் காட்டினான். "வாசல்வரை வந்த மழையே, உள்ளே வராமல் போனதென்ன" என்று பாடினான். சந்திரகலாவின் கால் மிதிக்காமல் நின்றுவிட்டது. அதே மெட்டு! இத்தனை நாளும் தன் முனகலைக் கேட்டு மனதில் வைத்திருந்தாரா? பிள்ளையைப் பற்றி வாய் திறக்க முடியாமல் பாட்டாகச் சொல்கிறாரா? எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தாள்.

"நல்லாருக்கா?" என்றான்.

"நல்லாருக்குங்க" என்றாள். அவன் அதை வெறும் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அந்தத் தீபாவளிக்கு ஜெயராஜ் வெளியிட்ட கேசட்டில் அந்தப் பாட்டு முதலில் இருந்தது. மேடையில் அதைப் பாடியபோது யாரும் காப்பி குடிக்க எழுந்து போகவில்லை. ரேடியோவில் தினமும் யாராவது விரும்பிக் கேட்டார்கள். கிள்ளான் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் அதுதான். ரேடியோவில் இராமலிங்கத்தைப் பேட்டி எடுத்தார்கள். சந்திரகலா வேலையைப் போட்டுவிட்டு மகனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த மெட்டு எப்படிப் பிறந்தது?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"பஸ்ல போய்க்கிட்டு இருந்தேன். பத்து தீகா ஊரத் தாண்டும்போது சட்டுனு வந்துச்சு. எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல, கடவுள் குடுத்தது" என்றான் இராமலிங்கம்.

அவன் குரலில் கள்ளம் இல்லை. அவளுக்கு அது தெரியும். அப்படியென்றால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. தன்னிடம் பேசிய பாட்டு என்று அவள் நினைத்தது யாரிடமும் பேசாத பாட்டு. அன்று அவளுக்கு வந்தது கோபமா, ஏமாற்றமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் அவன் வந்து, "கேட்டியா?" என்று ஆசையாகக் கேட்டபோது, "ம், கேட்டேன்" என்று சோறு போட்டாள்.

பொங்கல் முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கலைநிகழ்ச்சி. சந்திரகலாவும் போயிருந்தாள். அந்தப் பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் நேரத்தில் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். தடித்த உடம்பு.

"தம்பி, அது என் மெட்டு" என்றார். சண்டை போடுகிற குரலே இல்லை. பஸ்ஸில் தவறவிட்ட பையைத் திரும்பக் கேட்பது மாதிரி இருந்தது. "ஆஸ்பத்திரியில நான் முனகிக்கிட்டு இருந்தது. உங்களுக்கு எப்படிக் கிடைச்சிச்சு?"

கூட்டம் சிரித்தது. "அக்கா, எல்லாப் பாட்டும் உங்களோடதுதான், உக்காருங்கலா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இராமலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கனத்த நடையாக வெளியே போனார். சந்திரகலா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வாரப் பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டது. 'மழை எங்கே திருடப்பட்டது?' என்று தலைப்புப் போட்டு, இராஜம்மா என்று அவர் பெயரையும் போட்டது. துறைமுகத்தில் இராமலிங்கம் போர்க்லிப்டில் ஏறினாலே யாராவது மெட்டை விசிலடித்தார்கள். ஜெயராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ராமு, நீ ஒண்ணும் பேசாத. அந்தம்மாகிட்ட என்ன எவிடென்ஸ் இருக்கு? ரெக்கார்டு இருக்கா, டேப் இருக்கா? ஒண்ணும் கிடையாது. ரெண்டு வாரம் போனா எல்லாரும் மறந்துடுவாங்கலா."

"எனக்கு எவிடென்ஸ் வேணாம்ணே. நான் எடுக்கல. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல சூடம் ஏத்தி அடிச்சு சத்தியம் பண்றேன். எழுதுறவன் வந்து பாத்து எழுதட்டும்" என்றான் இராமலிங்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் வேட்டி கட்டி, விபூதி பூசி, கிளம்பி நின்றான். சந்திரகலா வாசற்கதவை மூடிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"போகாதீங்க."

"ஏன், நீயும் என்னைத் திருடன்னு நினைக்கிறியா?"

"இல்ல. நீங்க திருடல. ஆனா சத்தியம் பண்ணாதீங்க. அந்தக்கா சொன்னது உண்மை."

அவன் அவளையே பார்த்தான். அவள் கதவிலிருந்து நகராமல், கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வார்டு, தடுப்பு, அந்த முனகல், மெஷின் சத்தத்துக்கு அடியில் அதைத் தான் முனகியது. "அப்ப நீங்க நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து இங்கதான் படுத்திருப்பீங்க. தூக்கத்துல கேட்டிருப்பீங்க. உங்க காதுல போட்டது நான்தாங்க."

"அன்னைக்கு வாசிச்சிக் காட்டினப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"தெரிஞ்சிதான் கட்டினீங்கன்னு நினைச்சேன். நம்ம பாப்பாவுக்காகன்னு நினைச்சேன்."

அந்த வார்த்தை அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்டது. இராமலிங்கம் தையல் மெஷினின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். நெற்றி விபூதி வியர்வையில் இறங்கியது. "வாசல்வரை வந்த மழைன்னு ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியல கலா. சும்மா ஒரு காதல் பாட்டுன்னுதான் எழுதினேன்" என்றான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உறவுக்காரர்கள் பயந்தது மாதிரி அவன் உடைந்து ஒன்றும் போகவில்லை. அழுது முடித்துவிட்டு, "அந்தக்கா எங்க இருக்காங்கன்னு விசாரிக்கணும்" என்றான்.

இராஜம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று சுங்கை பூலோவில் தம்பி வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். இவனைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"அக்கா, என்னைத் தெரியுதா? எழுபத்தொன்பதுல உங்க வார்டுல இருந்தேன். பொம்பளப் பிள்ள" என்றாள் சந்திரகலா.

இராஜம்மா அவளை உற்றுப் பார்த்தார். "பொய் சொல்லக் கூடாதும்மா, ஞாபகமில்ல. எத்தனையோ பேரு வந்து போனாங்க. ஆனா அந்தப் பக்கம் இருந்த பிள்ளைங்க அழுற சத்தம் ஞாபகம் இருக்கு. அது உங்க காதுல விழக்கூடாதுன்னுதான் நான் முனகினேன். பாட்டா அது? எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? வாயில வந்தத முனகி முனகி, ஒரு வழியா அது அப்படி நின்னுக்கிச்சு."

சந்திரகலா நடந்ததைச் சொன்னாள். கடைசியில் இராமலிங்கம், "தப்புதான்க்கா. தெரியாம எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். கேசட்ட நிறுத்திடச் சொல்றேன்" என்றான்.

"நிறுத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்று இராஜம்மா படக்கென்று சொன்னார். "கடைத்தெருவுல முதல் தடவை கேட்டப்ப அப்படியே நின்னுட்டேன் தம்பி. என்னோடது ஒண்ணு இந்த உலகத்துல இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க ரேடியோவுல பஸ்ல வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டுத்தான் வயிறு எரிஞ்சிடுச்சு." கொஞ்சம் யோசித்தார். "மழையே, மழையேன்னு கீழ இறங்குதே, அது வரைக்கும் என்னோடது. அப்புறம் மேல போகுதே, அது எனக்குத் தெரியாது. நான் அங்கெல்லாம் போனதில்ல. அதுக்குள்ள வார்டுல இவங்கல்லாம் தூங்கிடுவாங்க. அது உங்களோடதுதான்."

எங்கே தன்னுடையது முடிகிறது என்று இத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆளை இராமலிங்கம் அதற்கு முன் சந்தித்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. கிள்ளான் நெருங்கும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பாப்பா யாரு மாதிரி இருந்துச்சு?"

அவள் இந்தக் கேள்விக்காக எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

"காது உங்க காது. நிறைய முடி இருந்துச்சு. கைவிரலெல்லாம் நீளம்" என்றாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "நீயா போய் ஒத்துக்கிட்டா திருட்டுன்னுதான்டா போடுவான்!" என்றார். அவர் சொன்னது தப்பவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் இராமலிங்கம் மேடையில் ஏறி, மெட்டு யாருடையது, தனக்கு எப்படி வந்தது என்று உள்ளபடி சொன்னான். பாப்பாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு சந்திரகலாவிடம் அனுமதி கேட்டிருந்தான். அடுத்த வாரமே பத்திரிகையில் 'திருட்டை ஒப்புக்கொண்டார்' என்று வந்தது. இரண்டு கோயில்களில் திருவிழா நோட்டீஸில் அவன் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். அவன் பாட்டுகளோடு வரவிருந்த அடுத்த கேசட் வரவேயில்லை. ஆனால் இந்த கேசட்டின் மறுபதிப்பில் 'மெட்டு: இராஜம்மா, இராமலிங்கம்' என்று அச்சாகி வந்தது. முணுமுணுத்தபடியே அதைச் செய்து கொடுத்தவர் ஜெயராஜ்தான்.

இராஜம்மா அதற்குப் பிறகு பண்டமாரான் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தார். கேசட்டை எப்போது போட்டாலும் அவருக்கு ஒரு குறை இருக்கும். "தபேலா ஜாஸ்தி தம்பி. இப்படித் தட்டினா யாரு தூங்குவா?" என்பார். "மேடையில தூங்க வைக்கக் கூடாதுக்கா" என்பான் இராமலிங்கம். இருவரும் சந்திரகலாவைப் பார்ப்பார்கள். அவள் யார் பக்கமும் சேரமாட்டாள்.

அடுத்த வருஷம் பாப்பா பிறந்த தேதியில் இராமலிங்கம் லீவு போட்டான். நாகையாவைக் கூட்டிக்கொண்டு மூவரும் இடுகாட்டுக்குப் போனார்கள். லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நாகையா இங்கும் அங்கும் நடந்து பார்த்தார். ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு மரத்தடிக்குப் போனார்.

"அன்னைக்கு நானும் அழுதுகிட்டே இருந்தேன்டா, சரியாப் பாக்கல. இதுவா, அதுவான்னு தெரியலயே" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவாயில்லண்ணே" என்றான் இராமலிங்கம். கையிலிருந்த பூவைப் பிரித்துப் பாதியை சந்திரகலாவிடம் கொடுத்தான். அவள் ஒரு மரத்தடிக்குப் போனாள். அவன் இன்னொரு மரத்தடிக்குப் போனான்.