விழாத ராணி

செம்மேட்டுச் சந்தையில் மிளகு விற்கிற அம்சவேணிக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. கேட்டால் மறைக்கமாட்டாள். ஏழு வருசம் பொய்க்கால் குதிரை ஆடி ஒரு தடவைகூட மண்ணில் விழாதவள், எதை மறைக்க வேண்டும்?

மலைமேல் இருக்கிற பெரக்கரை நாட்டில் அந்த ஆட்டத்தைப் போட்டியாகத்தான் ஆடினார்கள். காலில் ஒன்றேகால் அடிக் கட்டை, இடுப்பில் மூங்கில் குதிரை. ராஜா ஒருத்தன், ராணி ஒருத்தி, அது ஒரு ஜோடி. இரண்டு ஜோடி களத்தில் இறங்கும். பம்பை மேளத்துக்கு அடி பிசகாமல் ஆடிக்கொண்டே குதிரையால் இடித்து எதிராளியைச் சாய்க்க வேண்டும். ஜோடியில் ஒருத்தர் விழுந்தாலும் இரண்டு பேருக்கும் தோல்விதான். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். குனிந்து மண்ணைப் பார்த்தால் பல் கிடக்கும்.

ராணியின் கட்டையை ராஜாதான் கட்ட வேண்டும், அவனேதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் குதிரைக்கு ஆகாது என்பது வழக்கம். எல்லா வினையும் அந்த முடிச்சில் இருந்தது.

தொண்ணூற்றேழில் சென்றாயனைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதே ஆடி மாதம் களம் இறங்கினாள். முதல் ஆட்டத்திலேயே எதிர் ராஜாவின் தோள் எலும்பை இடித்து உடைத்தாள். ஊரே விசிலடித்தது. வீட்டுக்கு வந்ததும் சென்றாயன் அறைந்தான்.

"ராசா நானா, நீயாடி?"

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. பாய்ந்து ஜெயித்தால், ஏன் பாய்ந்தாய் என்று அடி. ஒதுங்கி ஆடினால், ஏன் பாயவில்லை என்று அடி. ஒரு முறை கட்டையைக் கழற்றி முதுகிலேயே போட்டான். அவளும் வாங்கிக்கொண்டு கிடந்தவள் இல்லை. மரவள்ளிக் கிழங்கை விட்டெறிந்து அவன் புருவத்தைக் கிழித்தவள்தான். ஆனால் களத்தில் மட்டும் அவனை விழவிட்டதே இல்லை. அவன் தள்ளாடும்போதெல்லாம் தோள் கொடுத்து நிமிர்த்தினாள். ஆட்டம் அவளுக்கு அவ்வளவு பெரிது.

ஏழாம் வருசம் முழங்கால் போய்விட்டது. "இந்த ஆடியோட நிறுத்திக்கறேனுங்க" என்றாள். மறுநாள் காலை ஆட்டத்துக்குக் கட்டை கட்டும்போது சென்றாயன் பச்சைத் தோல் வாரைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தான். கணுக்காலுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி, கட்டையில் தன் காலை ஊன்றி இழுத்தான். வெயிலில் காயக் காய அந்த வார் இறுகும்.

"ஏனுங்க, காலு மரத்துப்போவுதுங்க. கொஞ்சம் தளத்துங்க."

"நிறுத்தறவளுக்குக் காலு எதுக்குடி?"

சாமி ஊர்வலம் முடிந்து அவர்கள் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து ஏறி வந்த ஜோடி, சின்னக்கண்ணுவும் அவன் பெண்டாட்டி பாவாயியும்.

"என்ன ராணிம்மா, காலு நாவப்பழமாட்டம் கறுத்துக் கெடக்குது? ராசா போட்ட கொலுசா?" என்றாள் பாவாயி.

"வா, உன்ற மூக்குக்கும் ஒண்ணு போடறேன்" என்று சொல்லி அம்சவேணி இடித்தாள். பாவாயியின் உதடு பிளந்து, ஒரு பல் தெறித்தது. பாவாயி ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திருப்பி இடித்தாள். அம்சவேணியின் விலாவில் மூங்கில் ஏறியது. அந்த நேரம் பார்த்து சின்னக்கண்ணு சென்றாயனை இடித்தான். சென்றாயன் வழக்கம்போல் அவள்மேல் சாய்ந்தான்.

"தாங்குடி நாயே!"

அவன் பாரம் முழுக்க அவள் இடது காலில் இறங்கியது. வலிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கீழே கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தாங்கினால் ஜெயிக்கலாம், ஆனால் கால் மிஞ்சாது.

தோளை எடுத்தாள். எடுத்தது போதாதென்று குதிரையைத் திருப்பி, ஏழு வருச அடியையும் சேர்த்து, அவன் மார்பில் ஒரே இடி. சென்றாயன் மல்லாந்தான். கட்டையோடு சேர்ந்து முழங்கால் எலும்பும் முறிந்த சத்தம் பம்பையைத் தாண்டிக் கேட்டது.

பம்பை நின்றது. அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள்.

"அவுத்துவிடுங்க."

மண்ணில் கிடந்தபடி அவன் காறித் துப்பினான். "மாட்டேன். நின்னே சாவு."

ஒருவரும் கிட்டே வரவில்லை. ஊர்ப் பெரியவர் கருப்பண்ணன் கையைப் பிசைந்தார். "உக்காந்துக்க கண்ணு. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல சாமி?"

"உக்காந்தா விழுந்த மாதிரிங்க. உக்கார மாட்டேன்."

பாவாயி தன் புருசனைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு அவுத்துவிடய்யா!" அவன் அவிழ்த்ததும், தேங்காய் உடைக்க வைத்திருந்த கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். கருப்பண்ணன் குறுக்கே வந்தார். கொடுவாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"குதிரைக்கு ஆவாதுன்னா என்ற குதிரைக்கு ஆவாமப் போவட்டும். தள்ளுங்க!"

வாரை அறுத்தாள். தோள் கொடுத்தாள். அம்சவேணி அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே மண்ணில் கால் வைத்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. சென்றாயன் ஊன்றுகோலோடு ஒரு நாள் அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிடச் சந்தைக்கு வந்தான். மிளகு அளக்கிற படி அவன் நெற்றியில் பட்டது. அதற்கப்புறம் வரவில்லை.

சந்தையில் யாராவது, "கடைசி வருசம் தோத்துட்டீங்களாமே?" என்று வாயைக் கிளறுவார்கள்.

"சோடி தோத்துச்சு. நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்பாள்.

பக்கத்தில் பலாப்பழம் அறுக்கிற பாவாயி பொக்கை வாயைக் காட்டுவாள். "நெசந்தானுங்க. என்ற பல்லு சாட்சி."