பெயரில்லாமல் வந்த மரப்பரிசு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்பா இருந்திருந்தால், அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். கேட்டு முடித்ததும், "இதை எழுதச் சொன்னது யாரு?" என்று விசாரித்திருப்பார்.

அவரைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமானால் அவருடைய சந்தேகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். உங்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது அதற்கு ஆளாகியிருப்பீர்கள். பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தால், அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திடீர்னு நம்ம ஞாபகம் எப்படி வந்துச்சு இவங்களுக்கு?" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள், எங்கே ஏறினீர்கள் என்று கேட்டார். அதோடு விடவில்லை. மறுநாள் அந்தப் பஸ்ஸின் நடத்துனரைப் பிடித்து, இப்படிப்பட்ட குடும்பம் ஏறியதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே சம்மதம் சொன்னார். என் கணவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை.

ஆனால் அப்பா சந்தேகக்காரராகப் பிறக்கவில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் சில ஆண்டுகள்தான். பிறகு பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கினார். உப்புநீர் பாதத்தை வெடிக்க வைத்த தழும்புகள் கடைசிவரை இருந்தன. நேர்மையான ஆள் என்று பெயர் எடுத்ததால், பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் எண்ணெய் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முதலாளி அவரிடம் கொடுத்தார். இன்ஜின் அறையின் சாவி அப்பாவின் இடுப்புக் கயிற்றில் இருந்தது. அப்போதுதான் அம்மாவைத் திருமணம் செய்திருந்தார்.

ஒரு நாள் காலையில் போனபோது அறை திறந்து கிடந்தது. இன்ஜின் இல்லை. அன்று பொழுது சாயும்வரை அப்பாவை உப்புக் கிடங்கின் வாசலில், வெயிலில் உட்கார வைத்து விசாரித்தார்கள். "சாவி உங்கிட்டதான இருந்துச்சு?" என்ற ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் உப்புக்கூடையோடு அந்த வாசலைக் கடந்து போனார்கள். ஒருவரும் நின்று, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, முதலாளியின் உறவினரே இன்ஜினை எடுத்து விற்றது வெளியே வந்தது. அப்போதும் யாரும் வந்து வருத்தம் சொல்லவில்லை. அப்பா உப்பளத்துக்குத் திரும்பிப் போகவேயில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பொம்மையார்பாளையம் பக்கம் மரப் பொம்மை செய்யும் ஒரு பட்டறையில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் ஸ்க்ரோல் சா மிஷினைப் பார்த்தார். நூல் போன்ற மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும். பலகையைக் கையால் மெல்லத் திருப்பித் திருப்பி எந்த வளைவையும் அறுத்து எடுக்கலாம். எங்கள் தெருவில் அதற்கு 'மரம் தைக்கிற மிஷின்' என்று பெயர். பட்டறை வேறு ஊருக்கு மாறியபோது பழைய மிஷின் ஒன்றை வாங்கிவந்து, வீட்டின் பின்புறம் கொட்டகை போட்டு வைத்தார். பகலில் கட்டட மர வேலைக்குப் போவார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மட்டும் அந்த மிஷின் ஓடும்.

அடைமழை தொடங்கியதும் அறுக்க ஆரம்பிப்பார். நட்சத்திரம், கழுதை, ஆட்டுக்குட்டி, பாத்தியில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, சின்னப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சேர்க்கும் மீன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. சாமி எது என்று பார்க்காமல் தெரு முழுக்கக் கொடுப்பார். யார் மீதும் நம்பிக்கை இல்லாத மனிதர், எல்லோருக்கும் பரிசு செய்தார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "குடுக்கறதுல என்னா பயம்? வாங்கறதுலதான் யோசிக்கணும்" என்றார்.

அந்த மிஷினை வேறு யாரும் தொடக் கூடாது. கொட்டகை எப்போதும் பூட்டியே இருக்கும். ஒரு புயலில் அதன் கதவு பிய்ந்து போனபோது, கூனிமேட்டில் மரக்கடை வைத்திருக்கும் கரீம் பாய்தான் புதுக் கதவும் பூட்டும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். பரிசுகளுக்கான துண்டுப் பலகைகளும் ஆண்டுதோறும் அவர் கடையிலிருந்தே வரும். அப்பாவுக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான் இருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். நானும் கணவரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தோம். காலைப் பூசை முடிந்து, பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டு அப்பாவும் நாங்களும் பின்தங்கி வந்தோம். அம்மா அடுப்பு வேலை இருக்கிறதென்று முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் வந்து சேர்ந்தபோது வாசற்படியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பெயர் எதுவும் இல்லை.

அப்பா அதை உடனே எடுக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். செருப்பால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பிரித்தார். உள்ளே தேக்கில் அறுத்த ஒரு மனித உருவம். குனிந்து, நீண்ட கோல் பிடித்து உப்பு வாரிக்கொண்டிருக்கும் ஆள். முதுகின் வளைவும் முழங்காலின் மடிப்பும் அத்தனை சுத்தமாக இருந்தன.

"நல்லா இருக்குதேப்பா" என்றேன்.

அப்பா அதன் ஓரத்தை விரலால் தடவினார். முகம் மாறியது. "இது என் மிஷின்ல அறுத்தது" என்றார். அவருடைய மிஷினின் மேசை ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். அதில் அறுக்கும் எதிலும் அந்தச் சாய்வு தெரியும். "எவனோ கொட்டகைக்குள்ள பூந்திருக்கான். பூந்து, என் மரத்தை எடுத்து, என் மிஷின்லயே அறுத்து, என் வாசல்ல வெச்சிட்டுப் போயிருக்கான். உப்பு வாரறவன். பார்த்தியா? எதைக் குத்திக் காட்டறான்னு தெரியுதா?"

எங்களுக்கு அது பரிசாகத் தெரிந்தது. அவருக்கு, கிடங்கு வாசலில் தன்னை உட்கார வைத்ததை யாரோ நினைவூட்டிக் கேலி செய்வதாகத் தெரிந்தது.

அன்று யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அப்பா கொட்டகையைச் சோதித்தார். பூட்டு உடையவில்லை. ஆனால் பிளேடு அவர் வைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. என் கணவரின் சட்டையில் மரத்தூள் இருக்கிறதா என்று, பேசுவதுபோல் தோளைத் தட்டிப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்தபோது, "நேத்து நீங்க ஊர்லதான இருந்தீங்க?" என்று கேட்டார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை.

மறுநாள் அவர் சந்தேகம் ஓரிடத்தில் போய் நின்றது. கரீம் பாயின் தங்கை மகன் வளைகுடாவிலிருந்து திரும்பியிருந்தான். அவனுக்கு அந்த மிஷினில் வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பாய் முன்பு கேட்டிருந்தார், அப்பா மறுத்திருந்தார். பூட்டு வாங்கி வந்தவரும் பாய்தான். அந்தத் தேக்குத் துண்டும் பாய் அனுப்பியதுதான்.

"வண்டியை எடு" என்றார் என்னிடம். ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு கூனிமேட்டுக்குப் போனேன். வழி முழுக்க, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். பாய் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கண்ணே. கேக்கு எடுத்துட்டு வந்தீங்களா?"

அப்பா உட்காரவில்லை. "பாய், அந்தப் பூட்டோட எத்தனை சாவி வந்துச்சு?"

"ரெண்டு. ரெண்டையும் உங்க கையிலதான குடுத்தேன்."

"எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குது."

பாய்க்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "இன்னொண்ணு எங்கிட்ட இருக்குதுன்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. கேட்டேன்."

"கேட்டுட்டீங்க. சரி" என்றார் பாய். அவ்வளவுதான். திரும்பி, பலகை அளந்துகொண்டிருந்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஊருக்குத் தைத்துக் கொடுத்தே எங்களைப் படிக்க வைத்தவர். அப்பா, "பாய்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடுச்சு" என்றார்.

அம்மாவின் கால் நின்றது. "பாயையா கேட்டீங்க? கடையில, ஆளுங்க எதிர்லயா?"

அம்மா எழுந்தார். பின்புறம் நடந்தார். நாங்களும் போனோம். கொட்டகை வாசலில் நின்று தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தார். ஊக்குகளுக்கு நடுவில் ஒரு சாவி தொங்கியது. பூட்டைத் திறந்தார்.

அப்பா, "இது எப்படி உங்கிட்ட?" என்றார்.

"பூட்டு மாட்டின அன்னிக்கே நீங்கதான குடுத்தீங்க. 'ஒண்ணு நீ வெச்சுக்க, வேற யார் கண்லயும் படக்கூடாது'ன்னு சொன்னீங்க. யார் கண்லயும் படல."

உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து மிஷினைப் போட்டார். கையில் கிடைத்த துண்டுப் பலகையில் கோடுகூட வரையாமல், துணியைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பி, ஒரு நாரையின் கழுத்தை அறுத்து எடுத்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மிஷின் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிளேடை டைட் பண்ணினது நீதானா?" என்பதுதான்.

"லூசா இருந்துச்சு. நீங்க வேலைக்குப் போற நேரத்துலதான் வந்து பழகினேன். ஊருக்கெல்லாம் அறுத்துக் குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒருத்தரும் குடுத்ததில்லயே."

"அதுக்கு உப்பு வாரறவனையா அறுக்கணும்?"

"நான் உங்களை மொதல்ல பார்த்தது அப்படித்தான். கிளியனூர்லேருந்து சித்தி வீட்டுக்கு வந்தப்போ, பஸ்ஸு ஜன்னல்லேருந்து. வேற எப்படி அறுப்பேன்?"

"நேத்தே சொல்லியிருக்கலாம்."

"பிரிச்ச உடனே எவன்னு கேட்டீங்க. எவன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

அப்பா அந்த முக்காலியில், அம்மா எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "என்னைக் கேட்டா மாதிரியே நான் அவரைக் கேட்டுட்டேன்" என்றார். இன்ஜின் விஷயத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் காலை மீண்டும் கூனிமேட்டுக்குப் போனோம். ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும் என்று அப்பா சொன்னார். முந்தைய நாள் கேட்டது எல்லோர் எதிரிலும். இன்று சொல்வதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். கடை நடுவில் நின்று, "பாய், சாவி என் வீட்லயே இருந்துச்சு. மிஷின்ல அறுத்தது என் வீட்டுக்காரி. நான் கேட்டது தப்பு" என்றார்.

பாய் டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க எல்லாரையும் சந்தேகப்படுவீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. அந்த எல்லாரிலயும் நானும் ஒருத்தன்னுதான் தெரியாமப் போச்சு."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். அடுத்த சில மாதங்கள் பலகை வரவில்லை. அப்பா வேறு கடையிலும் வாங்கவில்லை. அடுத்த அடைமழைக்கு முன் ஒரு மதியம், குட்டியானை வண்டியில் பாயே துண்டுப் பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "அண்ணி அறுக்கறதுன்னா நல்ல மரமா வேணுமில்ல" என்றார். கூடவே தங்கை மகனையும் அழைத்து வந்திருந்தார். அப்பா அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு நகர்ந்து, மிஷினுக்கு வழி விட்டார்.

அதன் பிறகு அப்பா மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பால் அப்படியேதான் சோதிக்கப்பட்டது. அம்மா அறுத்த ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே வீடுகளுக்குப் போகவிட்டார். ஒன்று மட்டும் மாறியது. யாரைக் கேட்பதாக இருந்தாலும் தனியாக அழைத்துக் கேட்டார். நாலு பேர் எதிரில் யாரையும் கேட்டதில்லை.

நுரையீரல் கெட்டு, புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தபோது ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் கேட்டார். ஊசி போட வந்த செவிலியரிடம், "இது எனக்குத்தானா, பக்கத்துக் கட்டிலுக்கா?" என்றார். அம்மா தலையசைத்தால்தான் கையை நீட்டுவார். கடைசி நாள் மதியம் அம்மாவிடம், "கொட்டகை பூட்டியிருக்குதா?" என்றார். "பூட்டியிருக்குது." "போய்ப் பார்த்தியா?" "பார்த்தேன்." "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கேள்வி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

அப்பாவின் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்தித் தந்த பங்குத்தந்தைக்கும், மழையில் நின்று பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. சவப்பெட்டிக்கான பலகை கரீம் பாய் கடையிலிருந்து வந்தது. அண்ணன் இருந்திருந்தால் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார் என்று சொல்லி, ஒவ்வொரு பலகையையும் பாயே தட்டிப் பார்த்துக் கொடுத்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த மலரோடு உங்கள் கைக்கு வந்திருக்கும் மர நட்சத்திரங்களை அம்மா அறுத்தார். தடவிப் பார்த்து அனுப்ப இப்போது ஆள் இல்லை. ஓரம் எங்காவது உறுத்தினால் தயங்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள், மறுபடி தேய்த்துத் தருகிறேன் என்று அம்மா சொல்லச் சொன்னார்.