ராத்தாவின் வெள்ளிக்கிழமைச் சட்டி

என் மாமியாரின் அலுமாரியில், குத்துவிளக்குக்கும் கல்யாணத் தாம்பாளத்துக்கும் நடுவில் ஒரு கேக் சட்டி இருக்கிறது. உள்ளே பளபளப்பு எதுவும் பூசாமல் சுட்டெடுத்த கனத்த சட்டி. ஸ்டோன்வேர் என்று சொல்லி நாங்கள் வீடு வீடாக விற்ற சாமான்களில் ஒன்று. புதிதில் அரிசிமா நிறத்தில் இருந்தது, இப்போது பால் குறைத்த தேநீரின் நிறம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்தச் சட்டி யார் உடைத்தாலும் பொன்குடம்தான், அத்தை அதை அப்படிப் பார்த்துக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதை மறைத்துப் பேசும் அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரி இல்லை. சட்டி ராத்தாவுடையது. ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுக்காமல் என் மாமியாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்தா கண்டிக்குப் பக்கத்தில் திகனக்காரர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவார்கள். நான் கூப்பிடத் தொடங்கி, கண்டியில் எங்களிடம் சட்டி வாங்கிய தமிழ்ப் பெண்கள், சிங்களப் பெண்கள் எல்லோருக்கும், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்கூட, அவர் ராத்தாவாகிவிட்டார். அந்த வேலைக்கு அவரைக் கூட்டி வந்தவளே நான்தான். சாமான்களை இறக்குமதி செய்தவர்கள் என்னோடு இன்னொருவர் வேண்டும் என்றபோது, பஸ்ஸில் பழக்கமான இந்தக் கலகலப்பான பெண்ணைச் சொன்னேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று அம்மா சொல்லுவார். எனக்கு அது காலம் கடந்துதான் நினைவுக்கு வந்தது.

வேலை இதுதான். ஒரு வீட்டுக்காரி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவாள். நாங்கள் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வீட்டு மைக்ரோவேவிலேயே சமைத்துக் காட்டுவோம். டெமோ என்போம். அனேகமான வீடுகளில் மைக்ரோவேவ் பழஞ்சோறு சூடாக்கும் பெட்டியாகத்தான் இருந்தது. அதற்குள் மூடி போட்ட சட்டியில் ஒரு முழுக் கோழி வெந்து வருவதையும், தேநீர் குடித்து முடிப்பதற்குள் கேக் எழும்பி வருவதையும் பார்த்தால் பெண்கள் கண்ணை விரிப்பார்கள். எனக்கு எல்லா விதிகளும் தெரியும். வெறுஞ்சட்டியை உள்ளே வைக்கக்கூடாது, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைக்கக்கூடாது, வெந்ததும் உடனே வெட்டக்கூடாது, சட்டியின் சூட்டிலேயே கொஞ்சநேரம் இருக்கவேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சட்டி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ராத்தாவுக்கு அந்த நேரம்தான் திருவிழா. உங்கள் வீட்டு ஆம்பிளை எதைப் போட்டால் தட்டைத் தள்ளிவைப்பார் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார். கேக் வெந்து மணி அடிக்கும்போது அந்த அறையில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தக்காரராகியிருப்பார்கள். நான் பாத்திரம் விற்றேன், அவருக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

எனக்கென்று இருந்த பெருமை ஒன்றுதான். என் டெமோ சட்டி. இந்தவகைச் சட்டி பழகப் பழக எண்ணெயும் நெய்யும் ஊறிக் கறுக்கும், கறுக்கக் கறுக்க ஒட்டாது. என்னுடையது நன்றாகப் பழகிய சட்டி. கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் கேக் முழுசாக விழும். அதைப் பெண்கள் கைக்குக் கை மாற்றித் தடவிப் பார்க்கும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கும் தாய்மாதிரி நிற்பேன்.

அம்பிட்டியவில் எங்கள் வளவில் இரண்டு வீடு. மேல்வீட்டில் அத்தை, கீழ்வீட்டில் நாங்கள். அத்தை சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. நான் கோழியும் கருவாடும் தின்று வளர்ந்தவள், அவர் மகனும் கல்யாணத்துக்குப் பிறகு என் பக்கம் சாய்ந்துவிட்டார். அதனால் என் அடுப்பில் வெந்த எதையும் அத்தை வாயில் வைத்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பொங்கலுக்கு நான் கொண்டுபோகும் தட்டைச் சிரித்தமுகமாக வாங்குவார், பிறகு அது வேலைக்கு வரும் பெண்ணின் கைக்குப் போகும். அதைச் சன்னலால் பார்த்துக்கொண்டு எத்தனை பொங்கலைக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கையால் ஒருவாய் அவர் சாப்பிட வேண்டும் என்பது ஒரு வெறியாகவே எனக்குள் இருந்தது. அதற்காகத்தான் மேல்வீட்டில் ஒரு டெமோ வைக்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டேன். வெளிநாட்டிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் அத்தையிடம் இருந்தது, எறும்பு வராமல் சர்க்கரையும் பாண் ரொட்டியும் வைத்திருந்தார். அதைக் காலிபண்ணித் துடைத்து, வெள்ளிக்கிழமை பார்த்து, சாமி கும்பிட்டு முடிந்த பிறகு வரச்சொன்னார்.

முட்டை இல்லாத ரவைக் கேக் என்று முடிவுசெய்திருந்தேன். எருமைத் தயிர், கித்துள் பனையின் பாணி, நெய். மைக்ரோவேவில் கேக் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும், பாணி சேர்த்தால் அந்தக் குறை தெரியாது. கூடத்துக் கதிரைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள், நடுவில் அத்தை. என் கறுத்த சட்டியில் நெய் தடவி மாவை ஊற்றிவிட்டு, வழக்கமான பேச்சை எடுத்தேன்.

"இந்தச் சட்டி நம்ம சமைக்கிற எண்ணெய், நெய் எல்லாத்தையும் குடிச்சிக்கும். ஒண்ணும் வெளிய போகாது. சோப்புப் போட்டுக் கழுவிடாதீங்க, அந்த வாசத்தையும் குடிச்சிக்கும்."

அத்தை சட்டியை எட்டிப் பார்த்தார். "அப்ப இதுக்கு முந்தி இதுல வச்சதெல்லாம் இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டு, அதிலிருந்து வந்த கேள்வி. நுணலும் தன் வாயால் கெடும். முதல்நாள் பேராதனையில் ஒரு விரிவுரையாளர் வீட்டில் அதே சட்டியில் கோழி வைத்திருந்தேன். எவர்சில்வர் என்றால் கழுவினால் போயிற்று, மண் என்றால் போகாது. மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட மண்சட்டியைச் சைவ வீட்டில் ஏற்றமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் கடைச்சாமான், பெட்டியில் வந்தது, மைக்ரோவேவில் வைப்பது என்று பார்த்துப் பார்த்து, அது மண் என்பதே என் புத்தியில் இல்லாமல் போய்விட்டது. அத்தை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பரவால்லம்மா, நீங்க எல்லாரும் சாப்பிடுங்க. எனக்கு இப்ப பசியில்ல" என்றார்.

அப்போதுதான் ராத்தா தன் பையைத் திறந்தார். துண்டில் சுற்றிய ஒரு வெளிறிய சட்டி. நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"அம்மா, நாங்க இறைச்சி தின்ற ஆக்கள். அதுக்காகவே இந்தச் சட்டிய நான் வேற ஒண்டுக்கும் எடுக்கிறல்ல. நெய்யும் பாலும் மட்டுந்தான் இது கண்டீக்கி. நீங்களே உங்கட கையால கலந்து ஊத்துங்க, நான் தள்ளி நின்டு சொல்றன்."

சொன்னபடியே குசினி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அத்தை எழுந்து வந்து, கைகழுவி, தன் பாத்திரத்தில் தானே ரவையைக் கலந்தார். சட்டி உள்ளே சுற்றும்போது ராத்தா வாசலிலிருந்தே கேட்டார், உங்கள் மகன் சின்ன வயதில் எதைச் சாப்பிடமாட்டார் என்று. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசணிக்காயை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு போய்ச் செவ்வரத்தை மரத்தடியில் துப்புவானாம். என் புருஷன் பூசணிக்காய் துப்பிய கதை எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கேக் நன்றாக வந்தது. கொஞ்சம் ஒட்டியது, ஆனால் அத்தை ஒரு துண்டு சாப்பிட்டு, இன்னொரு துண்டும் எடுத்தார். என் சட்டியில் ஊற்றிய மா அப்படியே இருந்தது. அதை வேகவைக்கலாமா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் நினைவில்லை.

பஸ் நிறுத்தம்வரை ராத்தாவோடு நடந்தேன். இப்படி ஒரு சட்டி இருப்பதை எனக்கு ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒங்கட மாமி, ஒங்கட சமயம். ஒங்களுக்குத் தெரியாதெண்டு நான் எப்பிடி நெனக்கிற?" என்றார். கொஞ்சதூரம் போனபிறகு, "எந்த ஊட்டுக்குப் போனாலும் எனக்கு மொதல்ல வார கேள்வி அதுதான். இந்தச் சட்டியில பன்றி வெச்சாங்களோ என்னமோ. கேக்க வெக்கம். எத்தன எடத்தில நான் பசியோட சிரிச்சிட்டு வந்தீக்கி தெரியுமா?" என்றார்.

நாங்கள் போன வீடுகளிலெல்லாம் வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று அவர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. மெலிவதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமைதான். என் மாமியாருக்கு ஒரு கேள்வி வரும் என்று பசியிருந்து தெரிந்துகொண்டவர் அவர். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவள்.

அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? வெள்ளிக்கிழமைச் சட்டி வைத்திருக்கும் ராத்தா என்று பேச்சுப் பரவியது. சைவ வீடுகள், விரதம் பிடிக்கிற வீடுகள், பௌத்த பன்சலைக்குத் தானம் கொண்டுபோகிற வீடுகள் எல்லாம் அவரைத்தான் கேட்டன. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நானும் ஒரு புதுச் சட்டி வாங்கி நெய்மட்டும் ஊற்றிப் பழக்கினேன், ஆனால் இரண்டாவதாக ஒன்றைச் செய்பவளை யார் பார்க்கிறார்கள்? அத்தை ஒவ்வொரு மாதமும் கேட்பார், ராத்தா எப்ப வர்றாங்க என்று. வந்தால் குசினிக்குள்ளேயே கதிரை போட்டு உட்காரவைப்பார். வாசலில் நின்றவர் உள்ளே போய்விட்டார், உள்ளே பிறந்தவள்போல் இருக்கவேண்டிய நான் வாசலில் நின்றேன். என் சிரிப்பு அந்த நாட்களில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிறகு அவருடைய மகளுக்குக் கட்டாரில் பிள்ளை பிறந்தது, பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போவதற்குமுன் விடைபெற வந்தார். சட்டியைத் துண்டோடு அத்தையின் மடியில் வைத்தார். எனக்கு, சூட்டுச் சட்டி தூக்கும் தன் கையுறைகளைத் தந்தார். வலதுகைக் கட்டைவிரலில் கருகிய அடையாளம் இருந்தது. என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. "ஒங்களுக்குத்தான் நல்ல சட்டி ஈக்கிதே" என்று சிரித்தார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அத்தை மேலே கூப்பிட்டார். முழங்கால் வலி, அதிகநேரம் நிற்க முடிவதில்லை. அலுமாரியைத் திறந்து அந்தச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "கீழ இருந்து ஒண்ணும் கொண்டு வராத. இதுலயே செய்" என்றார்.

அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் குசினியில், அவர் பாத்திரத்தில் நான் கலந்தேன். சட்டி சுற்றும்போது வழக்கம்போல எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை. கட்டைவிரல் கருகிய அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு சட்டியைத் தூக்கினேன். கவிழ்த்து ஒரு தட்டுத்தான், முழுசாக விழுந்தது. ஆறியதும் அத்தை ஒரு துண்டை எடுத்து மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை பொங்கலாக நான் காத்திருந்த வாய். இன்னொரு துண்டு எடுத்தார். அப்போது போன் அடித்தது. ராத்தா, வீடியோவில். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அவர் அத்தையைக் கூப்பிடுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

"என்ன அம்மா, வாய் அசையுது?"

"ரவைக் கேக்கு, ராத்தா. என் மருமக செஞ்சது. நல்லாருக்கு. ஒங்களுதவிட நல்லாருக்குன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

போனுக்குள்ளிருந்து ராத்தாவின் அந்தப் பழைய சிரிப்பு கேட்டது. "நான் எத்தன நாளா சொல்றன், அவங்கட கையால ஒருக்காத் தின்டு பாருங்கண்டு. இப்பவாவது கேட்டீங்களே."

என் மருமக. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அத்தை வாயால் முதல்முறை கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அதுவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, போனைப் பார்த்துச் சொன்னது. அதை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் அவர்தான். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். அத்தை போனை என் பக்கம் திருப்பினார், கையுறையை ஆட்டிக் காட்டினேன்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, சட்டியைக் கழுவினேன். வெந்நீர் மட்டும். துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் ராத்தாவின் நெய் அதிலிருந்து போகாது. போகாது என்று சொல்லிச் சொல்லித்தானே நான் விற்றேன்.